டில்லியிலிருந்து மதுரைக்கு, இடுப்பில் இரண்டு குப்பி செல்களோடு

டில்லிக்குப் போய்வந்து செங்கோட்டையையும் குதுப்மினாரையும் பற்றி எழுதாவிட்டால் அது என்ன பயணக் கட்டுரை என்று கேட்பீர்கள். இரண்டையும் நான் பார்க்கவில்லை. 2007 ஜனவரியில் நான் டில்லிக்குப் போனது இரண்டு பிளாஸ்டிக் குப்பிகளை வாங்கி வருவதற்கு. உள்ளங்கையில் அடங்கும் தட்டையான குப்பிகள். அவற்றுக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவம், அந்தத் திரவத்துக்குள் மனித ரத்தத்தின் வெள்ளணுக்கள், உயிரோடு. ஆய்வு மாணவர்கள் யாராவது இதுபோல் செல்களைக் கையில் எடுத்துக்கொண்டு ரயிலேறப் போகிறீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மற்றவர்களும் படிக்கலாம். கொசுக்கடி எல்லோருக்கும் பொதுதானே.

முதலில் எதற்கு இந்த அலைச்சல் என்று சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் டெங்கு வைரஸ் பற்றி ஆய்வு செய்கிறேன். ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும் காய்ச்சல்களில் நம் ஊருக்கு நன்கு பழக்கமானது இதுதான். வைரஸ் என்பது தனியாக இருக்கும்வரை ஒன்றுக்கும் உதவாத தூசி. ஒரு செல்லுக்குள் நுழைந்தால்தான் அதற்குப் பிழைப்பு. நுழைவதற்குச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏதாவது ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புரதத்தை ஏற்பி என்பார்கள். டெங்குவின் ஏற்பி இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்லிவிடவில்லை. சந்தேகப் பட்டியலில் பலர் இருக்கிறார்கள். நான் பின்தொடர்ந்தது அதில் ஒருவரை.

கொசு கடிக்கும் இடத்தில், தோலுக்கு அடியில், காவல் செல்கள் சில உண்டு. அவற்றின் மேற்பரப்பில் கொக்கி மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. பெயர் கரடுமுரடானது, நாம் கொக்கி என்றே வைத்துக்கொள்வோம். பல கிருமிகள் மேலே ஒருவகைச் சர்க்கரையைப் பூசிக்கொண்டு திரிகின்றன. அந்தச் சர்க்கரையைக் கண்டால் கொக்கி மாட்டி இழுக்கும். கிருமியை உள்ளே இழுத்து அரைத்து, அதன் துண்டுகளை மற்ற செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது காவல்காரனின் வேலை. டெங்குவின் மேலும் அந்தச் சர்க்கரை இருக்கிறது. கொக்கி அதையும் பிடிக்கிறது. ஆனால் உள்ளே போன டெங்கு அரைபடுவதில்லை, அங்கேயே குடித்தனம் நடத்திப் பெருகுகிறது. காவல்காரன் பாடு புலிவாலைப் பிடித்த கதைதான்.

இதை நிரூபிக்க ஒரு ஜோடி வேண்டும். ஒரே வகைச் செல், ஒன்றில் கொக்கி இருக்க வேண்டும், இன்னொன்றில் இருக்கக் கூடாது. மற்றபடி இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். இரண்டின் மேலும் வைரஸை விட்டு, எதற்குள் போகிறது, எதற்குள் போகவில்லை என்று பார்க்க வேண்டும். டில்லியில் முனிர்கா பக்கம் ஓர் ஆய்வகத்தில் அந்த ஜோடி இருந்தது, தருகிறோம் என்றார்கள். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுக்க அதை நம்பித்தான் நின்றது. ஜூனில் உதவித்தொகை முடிகிறது. ஜோடி வராவிட்டால் பட்டமும் வராது, அவ்வளவுதான் விஷயம்.

சென்னையிலிருந்து புதுடில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரவு பத்து மணிக்கு ஏறினால் ஒரு பகலும் இரண்டு இரவும். ஸ்லீப்பர் வகுப்பில் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். போகும்போது பெரிய கதை ஒன்றும் இல்லை. ஜான்சி தாண்டியதும் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து எலும்பைத் தொடும், கம்பளி எடுத்துப் போங்கள். மூடுபனியால் நான்கு மணி நேரம் தாமதமாக இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே பிரீபெய்டு ஆட்டோவில் கோல் மார்க்கெட்டுக்கு முப்பத்தைந்து ரூபாய். வெளியே மடக்குகிறவர்கள் நூற்றைம்பது கேட்பார்கள், காது கேளாதவர் மாதிரி நடந்துவிடுங்கள்.

கோல் மார்க்கெட்டில் என் ஒன்றுவிட்ட அக்கா மீனாட்சி இருக்கிறாள். விருதுநகர்க்காரி. அத்தான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. கல்யாணமானதிலிருந்து அரசுக் குடியிருப்பில்தான் வாசம். மகள் நிவேதிதா எட்டாவது படிக்கிறாள், டில்லியிலேயே பிறந்தவள். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு டில்லியில் டெங்கு பரவியபோது அவளுக்கு வந்து, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அதன்பிறகு நான் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முடி பாதியாகக் கொட்டியிருந்தது, வாய் மட்டும் குறையவில்லை.

மறுநாள் ஜனவரி 25, வியாழக்கிழமை. 615ஆம் எண் பேருந்தில் முனிர்காவுக்குப் போனேன், பத்து ரூபாய். குடியரசு தின ஒத்திகைக் கெடுபிடியில் சாலைகளைத் திருப்பி விட்டிருந்தார்கள். முக்கால் மணி நேர வழிக்கு ஒன்றரை மணி நேரமானது. ஆய்வகத்தில் ஒரு வங்காள அம்மாள் குப்பிகளைக் கொண்டுவந்து தந்தார். வழியில் நுரைத்துக் குலுங்காமலிருக்கத் திரவத்தைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகுத்தாள் ஒட்டியிருந்தார். கொக்கி உள்ளதன் மேல் நீல மையில் கூட்டல் குறி, இல்லாததன் மேல் கழித்தல் குறி. பனிக்கட்டியில் வைக்காதே, வெயிலில் காட்டாதே, உன் உடம்புச் சூடு போதும் என்றார்.

எங்கள் துறையில் இது எல்லோரும் செய்வதுதான். சட்டைப்பையில் செல்களை வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போனவர்களை எனக்குத் தெரியும். எனக்குச் சட்டைப்பை இல்லை. இரண்டு குப்பிகளையும் பருத்தித் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டேன். திரும்பும்போது ஆட்டோ பிடித்தேன், பேரம் பேசி எழுபது ரூபாய். வயிற்றைக் கையால் தாங்கி உட்கார்ந்திருந்ததை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நடக்க விட்டார். இறங்கும்போது எத்தனையாவது மாதம் என்று விசாரித்தார். நான் திருத்தவில்லை. டில்லியில் ஒருவர் மெதுவாக ஓட்டுவதே பெரிய விஷயம், அதைக் கெடுப்பானேன்.

வீட்டில் குப்பிகளை எங்கே வைப்பது என்று கேட்டதும் அக்கா சமையலறைக்குக் கூட்டிப் போனாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் பெட்டி. அதன் தலை எப்போதும் கதகதப்பாக இருக்கும். டில்லிக் குளிரில் இட்லி மாவு புளிக்க வேண்டுமென்றால் அதன் மேல்தான் வைப்பார்கள். என் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், முப்பது டிகிரி. அக்கா மாவுச் சட்டியைக் கீழே இறக்கி என் குப்பிகளுக்கு இடம் தந்தாள். அதன்பிறகுதான் இது என்ன என்று கேட்டாள்.

நான் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். டெங்கு என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. சமையலறை வாசலில் நின்ற நிவேதிதாவைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள்.

"எம் புள்ள ரத்தம் கக்கி இன்னும் நாலு மாசம் ஆகலடி. இதக் கொண்டாந்து அடுப்படியில வைக்கிறியே."

இதில் வைரஸே இல்லை, வைரஸ் மதுரையில் எங்கள் ஆய்வகத்தில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது என்றேன். இது வெறும் ரத்த அணு, உனக்கும் எனக்கும் இருப்பது மாதிரி என்றேன். தலையை ஆட்டினாளே தவிர நம்பவில்லை. குப்பியின் வெளிப்புறத்தில் என்ன ஒட்டியிருக்கிறதோ என்றாள். வாஸ்தவமான பயம்தான். பிள்ளையை ஆஸ்பத்திரியில் பறிகொடுக்க இருந்தவளிடம் தர்க்கம் பேசுவதில் அர்த்தமில்லை. அலமாரியில் ஸ்பிரிட் பாட்டில் ஒன்று இருந்தது, நிவேதிதா படுத்திருந்தபோது வாங்கியதாம். சரி, உன் கண் முன்னாலேயே துடைத்துவிடுகிறேன் என்று பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றிக் குப்பிகளை மேல் கீழ் மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தேன். ஆய்வகத்தில் எதைக் கையில் எடுத்தாலும் அப்படித்தான் துடைப்போம். ஐந்து வருடப் பழக்கம், கை தானாக ஓடியது.

துடைத்து முடித்தபோது பஞ்சு நீலமாக இருந்தது.

தண்ணீருக்கு அழியாத மை ஸ்பிரிட்டுக்குக் கரைந்துவிடும் என்பது எங்கள் துறையில் முதல் வருட மாணவிக்கும் தெரியும். அதனால்தான் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுவோம். எனக்கு வந்த குப்பிகளில் நேராகப் பிளாஸ்டிக்கின் மேலேயே எழுதியிருந்ததை நான் கவனித்தும் இருந்தேன். கவனித்து என்ன பயன்? கூட்டலும் போயிற்று, கழித்தலும் போயிற்று. ஸ்டெபிலைசர் மேல் ஒரே அளவில் ஒரே நிறத்தில் இரண்டு குப்பிகள். உள்ளே இருப்பவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாதவை. அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது.

முனிர்கா அம்மாளுக்கு ஃபோன் செய்தேன். அவர் திட்டவில்லை, அதுவே சங்கடமாக இருந்தது. அந்தக் கொக்கியில் மட்டும் ஒட்டும் எதிர்ப்புரதமும் (ஆன்டிபாடி என்பார்கள்) அதைப் படிக்கும் இயந்திரமும் அங்கே உண்டு, அரை நாளில் சொல்லிவிடலாம். ஆனால் நாளை குடியரசு தினம், அடுத்தது சனி, ஞாயிறு. திங்கள்தான் திறப்பார்கள். என் டிக்கெட் நாளை இரவுக்கு. அதை விட்டால் பத்து நாளைக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். இதுவரை வளர்த்த செல்களையெல்லாம் எனக்கே கொடுத்துவிட்டார். புதிதாக உறைநிலையிலிருந்து எடுத்து வளர்க்க இரண்டு வாரமாவது வேண்டும்.

டெங்குவை விட்டுப் பார்த்தால் எது எதென்று தெரிந்துவிடாதா என்று அத்தான் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் அங்கேதான் சிக்கல். வைரஸ் நுழைந்த குப்பியைக் கொக்கியுள்ள குப்பி என்று முடிவுகட்டிவிட்டு, பிறகு கொக்கி இருப்பதால்தான் வைரஸ் நுழைந்தது என்று ஆய்வேட்டில் எழுதினால், வாதியே தீர்ப்பும் எழுதிக்கொண்ட மாதிரி. டெங்குவுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு சாட்சி வேண்டும். அது மதுரையில் என்னிடம் இல்லை. எதிர்ப்புரதம் வாங்க வெளிநாட்டுக்கு எழுதினால் இரண்டு மாதம்.

எனக்கு ஒரு குணம். பதறுவதற்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குவேன். அதன்பிறகு பசிக்கும். சாப்பிட்டுவிட்டு, எது வந்தாலும் இரண்டையும் உயிரோடு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இனியாவது ஒன்றோடொன்று கலக்காமலிருக்க நிவேதிதா தன் ரப்பர் பேண்டுகள் இரண்டைத் தந்தாள், ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. அக்கா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கோபம் இல்லை, தன்னால் கெட்டது என்ற குமைச்சல். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஸ்டெபிலைசரைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடு குறைகிறதென்று குப்பிகளின் மேல் தன் மஃப்ளரைப் போர்த்தினாள்.

26ஆம் தேதி டில்லியில் எங்கும் நகர முடியாது. காலையில் மொட்டை மாடியிலிருந்து விமானங்கள் வாலில் புகைவிட்டுப் போவதைப் பார்த்தோம், மற்றதை டிவியில் பார்த்தோம். மாலையில் மூடுபனி காரணமாக என் ரயில் மறுநாள் காலை ஆறரைக்குத்தான் புறப்படும் என்று தெரிந்தது. நல்லதாயிற்று, குப்பிகளுக்கு இன்னோர் இரவு ஸ்டெபிலைசர் கிடைத்தது.

காலையில் அத்தான் ஸ்டேஷனுக்கு வந்தார். அந்த வாரத்துச் சோதனை சாதாரணமானதல்ல. பெண் கான்ஸ்டபிள் ஒருவர் என் இடுப்பைத் தடவிப் பார்த்துக் குப்பிகளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திற என்றார். திறந்தால் நடைமேடைக் காற்றிலுள்ள பூஞ்சையெல்லாம் உள்ளே குடியேறிவிடும். திறக்கக் கூடாது, லேப் சாமான் என்றேன். அப்படியென்றால் ஒரு வாய் குடித்துக் காட்டு என்றார். தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறவர்களிடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திறக்காமல் எப்படிக் குடிப்பது என்று நான் திருப்பிக் கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அத்தான் நடுவில் வந்து, தன் அலுவலக அட்டையையும் என் பல்கலைக்கழகக் கடிதத்தையும் நீட்டி, டெங்கு ஆராய்ச்சி என்று இந்தியில் எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்தார். குப்பிகளைத் தானே துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

"என் தம்பிக்கும் வந்தது. போ, ஜல்தி போ" என்றார் இந்தியில்.

ரயிலில் சொல்ல அதிகமில்லை. நான் தூங்கும்போதும் குப்பிகள் இடுப்பில்தான் இருந்தன. நாக்பூர் வந்ததும் பிரெட் ஆம்லெட் வாங்கினேன், பதினைந்து ரூபாய். கடைக்காரர் கல்லில் புரட்டிய ரொட்டியில் பழைய புளிப்பு வாசனை அடித்தது, ஈஸ்ட் அதிகம். பாதி தின்ற பிறகுதான் உறைத்தது. ஈஸ்ட்! ஈஸ்ட் தன் உடம்பைச் சுற்றிப் போர்த்தியிருப்பதும் அதே வகைச் சர்க்கரைதான். கொக்கிக்கு அது மிகவும் பிடித்தமானது. பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மறந்துபோன விஷயம். கொக்கியுள்ள செல்லோடு ஈஸ்ட்டைக் கலந்தால் ஈஸ்ட் அதன்மேல் ஒட்டும், கொக்கி இல்லாததில் ஒட்டாது. டெங்குவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. வெளிநாட்டு எதிர்ப்புரதம் எதற்கு, பேக்கரிச் சாட்சி போதும். மேல் பெர்த்தில் இருந்தவர் என்னவென்று எட்டிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்திருக்கிறேன்.

மதுரையில் மேலமாசி வீதியில் ஈஸ்ட் பொட்டலம் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. வேகவைத்துக் கொன்று, கழுவிக்கொண்டோம். செல்களும் நலம், இரண்டு குப்பியிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் உயிரோடிருந்தன. வேலையை இரண்டாகப் பிரித்தோம். ஈஸ்ட் சோதனையை என் ஆய்வகத் தோழி செய்தாள், டெங்கு சோதனையை நான் செய்தேன். ஒருவர் முடிவை ஒருவர் கேட்கக் கூடாது, இரண்டும் முடிந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மூன்றாம் நாள் நான் வைரஸ் நுழைந்த செல்களைச் சாயமிட்டுப் பார்த்தேன். கறுப்புக் குப்பியில் அங்கொன்று இங்கொன்றுகூட இல்லை. சிவப்பில் கூட்டம் கூட்டமாகப் பச்சையாக ஒளிர்ந்தன. தோழியிடம் போய் என்ன என்று கேட்டேன். சிவப்பில் செல்களைச் சுற்றி ஈஸ்ட் மாலை போட்ட மாதிரி நிற்கிறது, கறுப்பில் ஒன்றுமில்லை என்றாள். கொக்கி பிடிப்பதற்குக் கால்சியம் வேண்டும். அதைத் திரவத்திலிருந்து நீக்கியதும் ஈஸ்ட் மாலை கழன்று விழுந்தது, அதையும் பார்த்துவிட்டிருந்தாள். இருவரும் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டோம். குறி அழியாமல் வந்திருந்தால் எந்தக் குப்பி எது என்று தெரிந்தே பார்த்திருப்பேன். தெரியாமல் பார்த்த முடிவுக்கு மதிப்பு அதிகம், என் வழிகாட்டியே அப்படித்தான் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜனவரி கடைசி வாரத்தில் டில்லிக்குப் போகாதீர்கள், போனால் லேப் கடிதத்தை இந்தியிலும் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். வெயில்காலத்தில் இடுப்பில் கட்டாதீர்கள், ஈரத்துணி சுற்றிய பையில் எடுத்துப் போங்கள். குளிரில் செல் தூங்கும், சூட்டில் செத்துவிடும். குப்பியைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக ஒட்டுத்தாளில் பெயரெழுதி ஒட்டி, அதன்மேல் செல்லோ டேப்பும் ஒட்டுங்கள். தங்குகிற வீட்டில் குப்பியை வைப்பதற்கு முன்னால் அது என்ன என்று சொல்லிவிடுங்கள், வைத்த பிறகு அல்ல. என்னிடம் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

முடிவு தெரிந்த அன்று மாலை பல்கலைக்கழக வாசல் பூத்திலிருந்து அக்காவுக்கு எஸ்.டி.டி. போட்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான். அவள் விடவில்லை, விவரமாகக் கேட்டாள்.

"ரெண்டுல எதுக்குள்ள நோய் புகுந்துச்சு?"

"கொக்கி இருக்கதுக்குள்ளக்கா. இல்லாததுல போகவே இல்ல."

"அந்தக் கொக்கி நிவிக்கு இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு. அத்தானுக்கு இருக்கு, எனக்கு இருக்கு."

"எனக்கு?"

"உனக்கும் இருக்கு."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப எனக்கே வந்திருக்கலாம்லடி" என்றாள்.

ஆமாக்கா என்றேன்.